ராக்கம்மாவின் தங்கை

அஸ்மத் பீவி அந்தப் பேச்சை எடுக்காமலே இருந்திருக்கலாம். பத்மா அன்றைக்குப் போனது தைக்கக் கொடுத்த ரவிக்கையை வாங்கத்தான். வளைகுடா நகரமான ஃபர்வானியாவில் பேருந்து நிறுத்தத்துக்குப் பின்சந்தில் இருக்கும் அந்தச் சின்னத் தையல் கடைக்கு அவள் வருடக்கணக்கில் போய் வருகிறாள். நாகவள்ளி மட்டும் அன்றுதான் முதல் தடவையாகக் கூட வந்திருந்தாள், மூன்று வயது இளவேனிலை இடுப்பில் வைத்துக்கொண்டு. தையல் மெஷினிலிருந்து நிமிர்ந்த அஸ்மத் பீவி, அவள் முகத்தைப் பார்த்ததும் மிதிப்பதை நிறுத்தினாள்.

"எந்த ஊரு புள்ள நீ?"

"அறந்தாங்கிப் பக்கம்."

"பக்கம்னா எது?"

நாகவள்ளி, பாப்பாவுக்கு வேர்க்கிறது என்று முனகிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டாள்.

அஸ்மத் பீவி கண்ணாடிக் கதவு வழியாக அவளையே பார்த்தாள். "வீட்டு வேலைக்கா வச்சிருக்கிய?"

"பிள்ளைங்களைப் பாத்துக்க. மூணு மாசமாச்சு. ஏன் பீவிம்மா?"

"சொல்லலாமா வேணாமான்னு தெரியலம்மா" என்று தொடங்கி அவள் சொல்லிவிட்டாள்.

பதினாறு வருடத்துக்கு முந்தைய கதை அது. அப்போது அஸ்மத் பீவி சிறையில் இருக்கும் தமிழ்ப் பெண்களுக்கு அரபியில் பேசி உதவப் போய்க்கொண்டிருந்தாள். அங்கே ராக்கம்மா என்று ஒருத்தி இருந்தாள். அவள் வேலை பார்த்த அரபி வீட்டில் இரண்டு பையன்கள். ஒருநாள் காலையில் இருவரும் படுக்கையிலேயே செத்துக் கிடந்தார்கள். உடம்பில் விஷம் என்று டாக்டர்கள் சொன்னார்கள். முந்தின நாள் பிள்ளைகளுக்குப் பால் ஆற்றிக் கொடுத்தது ராக்கம்மா. அதற்கு முன்னால் ஊருக்குப் போக லீவு கேட்டு, வீட்டுக்காரம்மாவோடு சண்டை போட்டிருந்ததும் அவள்தான். வழக்கு மூன்று வருடம் இழுத்தது. பிள்ளைகளின் தகப்பன் மன்னித்து எழுதிக் கொடுத்திருந்தால் அங்கே தூக்கு கிடையாது, அவர் மறுத்துவிட்டார். ராக்கம்மாவைத் தூக்கில் போட்டார்கள்.

"கடைசி வரைக்கும் 'நான் பாலுதான் குடுத்தேன், நான் பாலுதான் குடுத்தேன்'னு ஒரே சொல்லு. முதநாளு விசாரணையில அவளுக்குத் தெரிஞ்ச அரையுங்குறை அரபியில அதைச் சொல்லியிருக்கா. 'விஷத்த நான்தான் குடுத்தேன்'னு எழுதிக்கிட்டாங்க. ஆனா ஒண்ணும்மா, செஞ்சாளா செய்யலையான்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். அது அல்லாவுக்குத்தான் தெரியும். மூஞ்சி மட்டும் எனக்கு மறக்கல. இது அந்த மூஞ்சிதான்."

வீட்டுக்கு வரும் வழியில் பத்மா காரை ஓட்டிக்கொண்டே சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டாள். "உன்கூடப் பிறந்தவங்க எத்தனை பேர் நாகவள்ளி?"

"ஒரு தம்பிக்கா. அவ்வளவுதான்."

பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியில் பத்மா அவள் முகத்தைத் தேடினாள். அவள் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள்.

இணையத்தில் தேடியபோது பழைய செய்தி ஒன்று கிடைத்தது. பாஸ்போர்ட் படம், மங்கலாக. அகன்ற நெற்றி, மேலுதட்டில் லேசான கோணல். வயதை மாற்றினால் நாகவள்ளி. ஊர்ப் பெயரும் அறந்தாங்கிக்குப் பக்கத்துக் கிராமம்தான். பத்மா போனைக் கணவனிடம் நீட்டினாள். சிவசங்கரன் எண்ணெய்க் கம்பெனி ஒன்றில் இன்ஜினியர். எதையும் இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார்.

"அக்கா செஞ்சதுக்குத் தங்கச்சியை விரட்டுவியா?"

"அக்கா செஞ்சதுக்கு இல்லைங்க. இவ மறைச்சதுக்கு."

"சொல்லியிருந்தா வேலைக்கு வச்சிருப்பியா?"

பத்மா போனைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். மறுநாளிலிருந்து அந்த வீட்டில் எதுவும் பழையபடி இல்லை.

காலையில் அலுவலகம் கிளம்பும் முன் பிள்ளைகளுக்கான சாப்பாட்டை அவளே கட்டி வைத்தாள். நாகவள்ளி புரிந்துகொண்டாளோ என்னவோ, ஏன் என்று கேட்கவில்லை. கேட்காததும் பத்மாவுக்கு உறுத்தியது. கேமரா ஒன்றை வாங்கிப் பொம்மை அலமாரியில் கரடிக்குப் பின்னால் வைத்தாள். கம்பெனியில் உட்கார்ந்து பட்ஜெட் பார்க்கிற நேரத்தில் கண் போனுக்கே போனது.

மத்தியானம் பிள்ளைகள் தூங்கும்போது நாகவள்ளி கட்டிலருகே தரையில் உட்கார்ந்திருப்பாள். தூங்க மாட்டாள். டி.வி. போட மாட்டாள். பிள்ளைகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். சில சமயம் இளவேனிலின் மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பாள். உதடு ஏதோ முணுமுணுக்கும். மூச்சு இருக்கிறதா என்று யார் பார்ப்பார்கள்? மூச்சு நிற்கும் என்று நினைப்பவர்கள்தானே? பத்மா போனைக் கவிழ்த்து வைப்பாள். உடனே திரும்ப எடுப்பாள்.

அந்த வாரத்தில்தான் ஏழு வயது ஷ்ருதி, ஹோம்வொர்க் செய்துகொண்டே, "அம்மா, வள்ளி ஆன்ட்டி அண்ட் மீ, வீ ஹாவ் எ சீக்ரெட்" என்றாள்.

"என்ன சீக்ரெட்?"

"சொல்லக் கூடாது. ப்ராமிஸ் பண்ணியிருக்கேன்."

பத்மா குரலை இறக்கிக்கொண்டு மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கெஞ்சிய பிறகு பிள்ளை சொன்னது. வயிறு வலித்தாலோ தலை சுற்றினாலோ முதலில் வள்ளி ஆன்ட்டியிடம்தான் சொல்ல வேண்டுமாம். அம்மாவிடம் சொல்லக் கூடாதாம்.

அன்றிரவே பத்மா, அடுத்த மாதமே டிக்கெட் எடுத்து அவளை ஊருக்கு அனுப்பிவிட வேண்டும் என்று சிவசங்கரனிடம் சொன்னாள். அவர் இந்த முறை மறுக்கவில்லை. தீபாவளி முடியட்டும் என்றார்.

தீபாவளிக்கு முந்தின வியாழக்கிழமை அலுவலகத்தில் கூட்டத்துக்கு மேல் கூட்டம், பத்மா கேமராவைப் பார்க்கவே இல்லை. மாலை அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது இளவேனில் சோபாவில் துவண்டு கிடந்தது. வாயோரத்தில் எதையோ துடைத்த கருப்புக் கறை. ஷ்ருதி பாத்ரூமில் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். நாகவள்ளி கையில் சின்ன உரைகல்லோடு நின்றாள். அவள் முகமும் வெளுத்திருந்தது.

"என்ன குடுத்த?"

"வசம்புக்கா. சுட்டு உரசித் தேன்ல கொழச்சுக் குடுத்தேன். மத்தியானத்துலேருந்து புள்ளைக ரெண்டுக்கும் வயித்தப் பெரட்டுது. எனக்கும் ஒருமாரியாத்தான் இருக்கு."

"மத்தியானத்துலேருந்தா? எனக்கு ஏன் போன் பண்ணலை?"

நாகவள்ளி உரைகல்லை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். அதுவே போதும் என்று பத்மாவுக்குத் தோன்றியது. பிள்ளைகளை வாரி எடுத்துக்கொண்டு ஓடினாள். வாசலில் திரும்பிப் பார்த்தபோது நாகவள்ளி சுவரைப் பிடித்துக்கொண்டு குமட்டிக்கொண்டிருந்தாள். நடிக்கிறாள் என்று பத்மா நினைத்தாள்.

மருத்துவமனையில் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டார்கள். வேலைக்காரி ஏதோ கரைத்துக் கொடுத்தாள் என்றாள் பத்மா. பரிசோதனை முடிவு வருவதற்குள் போலீஸ் வந்துவிட்டது. விஷம் என்று சந்தேகம் வந்தால் சொல்லியாக வேண்டும் என்பது அங்கே விதி. இளைஞரான அதிகாரி ஆங்கிலத்தில் மரியாதையாகப் பேசினார். இந்தப் பெண்மீது சந்தேகப்பட வேறு ஏதாவது காரணம் உண்டா என்று கேட்டார்.

சிவசங்கரன் அவள் கையைத் தொட்டார். பத்மா கையை இழுத்துக்கொண்டு சொன்னாள். ராக்கம்மாவின் பெயர், நடந்த வருடம், கிடைத்த தண்டனை எல்லாம். எழுதிக்கொண்டிருந்த அதிகாரியின் பேனா ஒரு கணம் நின்றது. பிறகு அவர் வேறு கேள்வி எதுவும் கேட்கவில்லை. அன்று இரவே நாகவள்ளியை அழைத்துப் போனார்கள்.

சனிக்கிழமை பிள்ளைகள் தெளிந்துவிட்டார்கள். சிரித்தார்கள், ஜூஸ் கேட்டார்கள். மத்தியானம் வீட்டுக்கு அனுப்பினார்கள். பத்மா சமையலறையில் திறந்திருந்த மாவு, பருப்பு, மசாலா எல்லாவற்றையும் குப்பையில் கொட்டினாள். மிச்சமிருந்த அரிசியில் கஞ்சி வைத்து, புதுப் பால் பாக்கெட் வாங்கித் தன் கையால் காய்ச்சிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தாள். பிள்ளைகளை அவர்கள் அறையில் படுக்க வைத்துத் தானும் பக்கத்தில் சாய்ந்தாள். பல நாள் கழித்து நிம்மதியாகக் கண்ணயர்ந்தாள்.

சாயங்காலம் எழுந்தபோது தலை பிளந்தது. இளவேனில் வாந்தி எடுத்து அதிலேயே கிடந்தது. கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. ஷ்ருதி, "அம்மா, ஐ கான்ட் ப்ரீத்" என்றாள்.

அப்போதும் பத்மாவுக்கு முதலில் தோன்றியது நாகவள்ளிதான். அரிசியிலும் எதையோ கலந்துவைத்துவிட்டுப் போயிருக்கிறாள். காரில் போகும்போது அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். சிவசங்கரன் ஹாரனை விடாமல் அடித்தபடி ஓட்டினார்.

அன்றைக்கு டூட்டியில் இருந்தவர் கோயம்புத்தூரில் படித்த ஒரு மலையாளி டாக்டரம்மா. இளவேனிலை ஐ.சி.யு.வுக்கு அனுப்பிவிட்டு வந்து, பத்மா சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"அந்தப் பொண்ணு இப்ப வீட்டுல இல்லை, சரிதானே?"

"இல்லை."

"சாப்பாடு எல்லாம் புதுசு?"

"ஆமா டாக்டர். ஆனா அரிசி..."

"உங்களுக்கும் தலைவலி இருக்கு. நீங்க அரிசி சாப்பிட்டீங்களா?"

பத்மா அன்று காலையிலிருந்து மருத்துவமனைக் காபி தவிர வேறெதுவும் சாப்பிட்டிருக்கவில்லை.

"இங்க வந்தா சரியாகுது. வீட்டுக்குப் போனா வருது. சாப்பாட்டை விடுங்க, காத்தைப் பாருங்க. உங்க பில்டிங்ல யாராவது மூட்டைப்பூச்சிக்கு மருந்து வச்சாங்களா?"

சிவசங்கரன் அதற்குள் எழுந்து நடந்துகொண்டிருந்தார்.

பக்கத்து ஃபிளாட்டில் ஏழெட்டு ஆண்கள் சேர்ந்து தங்கியிருந்தார்கள். விடுமுறைக்கு எங்கோ போயிருந்தார்கள். போகும் முன் கதவிடுக்கையெல்லாம் பழுப்பு டேப்பால் ஒட்டியிருந்தார்கள். லிஃப்டுக்கு நிற்கும்போது பத்மாவும் அதைப் பார்த்திருக்கிறாள், பெயின்ட் அடிக்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டாள். அவசரத்துக்கு வரும் சிவில் டிஃபன்ஸ்காரர்கள் முகமூடியோடு வந்து கதவை உடைத்தார்கள். கட்டிலுக்கடியிலும் மூலைகளிலும் மாத்திரைகள். தானியக் கிடங்கில் வண்டு சாக வைப்பவை, வீட்டில் வைக்கவே கூடாதவை. அதிலிருந்து எழும் வாயு பொய்க்கூரை வழியாகக் கசிந்து சுவருக்கு இந்தப் பக்கம் வந்திருக்கிறது. சுவருக்கு இந்தப் பக்கம் பிள்ளைகளின் அறை. நாகவள்ளி படுத்ததும் அங்கேதான்.

இளவேனில் ஐந்தாம் நாள் கண் விழித்து அப்பாவைக் கூப்பிட்டது. பத்மா ஐ.சி.யு. வாசலிலேயே சுவரோடு சரிந்து உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்ததும் புடவையைச் சரிசெய்துகொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குக் கிளம்பினாள்.

டாக்டரின் அறிக்கை அங்கே வந்து சேர்ந்திருந்தது. இருந்தாலும், அக்காவைப் பற்றி நீங்கள் சொன்னது பதிவில் இருக்கிறது என்றார் அதிகாரி. அது உண்மைதான், ஆனால் இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை, நான் தவறாகச் சொல்லிவிட்டேன் என்று பத்மா மூன்று பேரிடம் மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது. பிறகு நாகவள்ளியைக் கூட்டி வந்தார்கள். உடம்பு பாதியாகியிருந்தது.

"நாகவள்ளி..."

"என் போன் எங்கக்கா?"

திரும்பி வரும் வழியில், நான்காவது ரிங் ரோட்டில் நெரிசலில் வண்டி நின்றபோதுதான் கேட்டாள். "எங்கக்காவப் பத்தி நீங்களா சொன்னீங்க?"

"ஆமா."

"அதுக்கப்புறம் என்னைய யாரும் ஒண்ணும் கேக்கல. வந்து வந்து பாத்துட்டுப் போனாங்க. அவ்வளவுதான்." கொஞ்சம் விட்டு, "சின்னது பொழச்சுக்கிச்சா?" என்றாள்.

"பொழச்சிட்டா. ஷ்ருதிகிட்ட என்கிட்ட சொல்லாதேன்னு ஏன் சொன்ன? அது மட்டும் எனக்கு..."

"பயம்தான்க்கா. உங்க புள்ளைகளுக்கு ஒரு தும்மல் வந்தாக்கூட எனக்குக் கொல நடுங்கும். என்கிட்ட மொதல்ல சொன்னா நானே சரி பண்ணிரலாம்னு பாத்தேன். அன்னைக்கும் அப்படித்தான். இப்ப சரியாயிரும், இப்ப சரியாயிரும்னு பாத்துக்கிட்டே இருந்துட்டேன். அது தப்புதான்."

பக்கத்து ஃபிளாட்டில் வைத்திருந்த பூச்சி மருந்தைப் பற்றி எல்லாம் சொல்லி, பத்மா மன்னிப்புக் கேட்டாள். நாகவள்ளி தெருவைப் பார்த்துக்கொண்டே வேறொன்றைச் சொன்னாள்.

"அவ செஞ்சிருப்பான்னுதான் நானும் நெனச்சிருந்தேன்."

"யாரு?"

"எங்கக்கா. எங்காத்தா இன்னைக்கு வரைக்கும் என் மக செய்யலன்னுதான் சொல்லுது. நான் நம்புனதில்ல. அவ கோவக்காரி. சின்னதுல என் கையில கொள்ளிக்கட்டையால சூடு வச்சிருக்கா. கோவத்துல என்னமோ பண்ணித் தொலச்சிட்டாள்னு நெனச்சுக்கிட்டேன். நான் இந்த நாட்டுக்கு வந்ததே அந்தப் புள்ளைகளப் பெத்தவங்க கால்ல விழுந்து மன்னிப்புக் கேக்கத்தான். எடம் தெரியாது, பாசை தெரியாது. எப்படியாச்சும் கண்டுபிடிச்சிரலாம்னு வந்தேன்." அவள் பத்மா பக்கம் திரும்பினாள். "இப்ப மன்னிப்புக் கேக்கணுமா, வேற ஏதாச்சும் கேக்கணுமான்னு தெரியல."

அந்த வீடு அஸ்மத் பீவிக்குத் தெரியும். ராக்கம்மாவுக்காக மன்னிப்புக் கேட்கப் போனவர்களோடு அவளும் அங்கே போயிருக்கிறாள். முதலில் மறுத்தாள். "ஆறுன புண்ணைக் கிளறப் போறியளா?" என்றாள். பத்மா விடவில்லை. கடைசியில் கடையைச் சாத்திவிட்டுக் கறுப்பு அபாயாவை மாட்டிக்கொண்டு காரில் ஏறினாள்.

மாலைத் தொழுகை முடிந்த நேரம். பெரிய வீடு, பராமரிப்பில்லாமல் இருந்தது. பெரியவர் தானே வந்து இரும்புக் கதவைப் பாதி திறந்தார். அறுபத்தைந்து வயதிருக்கும். கையில் ஜபமாலை. சலாம் சொல்லி முடித்ததும் அஸ்மத் பீவி தயங்கித் தயங்கிப் பேசினாள். பத்மாவுக்கு அரபி அவ்வளவாகத் தெரியாது. ஆனால் என்ன கேட்க வேண்டும் என்று காரிலேயே பேசி வைத்திருந்தார்கள். பிள்ளைகள் இறந்த அந்த வாரத்தில், உங்கள் வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ பூச்சிக்கு யாராவது மருந்து வைத்திருந்தார்களா?

கேள்வி பாதியில் இருக்கும்போதே பெரியவர், "மாஃபி" என்றார். இல்லை என்று.

அஸ்மத் பீவி மீதியைச் சொல்ல முயன்றாள். "மாஃபி. கலாஸ்" என்றார் மறுபடியும், பேச்சு முடிந்தது என்று. அப்போதுதான் அவர் பார்வை பின்னால் நின்ற நாகவள்ளிமேல் விழுந்தது. நீண்ட நேரம் பார்த்தார். யார் என்று கேட்டார். அஸ்மத் பீவி சொன்னாள். ஜபமாலை உருள்வது நின்றது. அவர் கோபப்படுவார் என்று பத்மா பயந்தாள். அவர் கோபப்படவில்லை. தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். ஒரு கையால் கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு கதவு மூடிக்கொண்டது. உள்ளே தாழ் போடும் சத்தம் கேட்டது.

மூவரும் காருக்குள் வந்து உட்கார்ந்தார்கள். "கடைசியா என்ன சொன்னாரு?" என்றாள் நாகவள்ளி.

அஸ்மத் பீவி முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள். "என் பொஞ்சாதி மௌத்தாயிட்டா, அவளப் பத்தி இனிமே யாரும் எதுவும் கேக்க வேணாம்னாரு."

"அவங்களைப் பத்தி நாம கேக்கவே இல்லையே" என்றாள் பத்மா.

"இல்ல" என்றாள் அஸ்மத் பீவி. "நான் அந்தம்மா பேரைக்கூட எடுக்கல."

"அப்ப அந்த அம்மாதான் எதையோ வச்சிருக்காங்க. இவருக்குத் தெரிஞ்சிருக்கு."

"அப்படியும் இருக்கலாம். பொண்டாட்டிய இழந்த மனுசன் வாசல்ல போயி நின்னா எதையாச்சும் சொல்லத்தான் செய்வாரு. அதை வச்சு நாம ஒண்ணைக் கட்டப்படாது. ஒருக்கக் கட்டுனது போதாதா?"

பத்மா கார் சாவியை எடுத்தாள். கடைசி வார்த்தை யாருக்கு என்று அவளுக்குப் புரிந்தது. நாகவள்ளி மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிளம்பலாமா என்று கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினாள்.

திரும்பவும் பத்மாவின் வீட்டில் வேலை பார்க்க அவள் சம்மதிக்கவில்லை. தெரிந்த வேறு குடும்பம் ஒன்று ஆள் தேடுகிறது என்று சிவசங்கரன் சொல்லிப் பார்த்தார். இனிமேல் பிள்ளை இருக்கிற எந்த வீட்டுக்கும் போக மாட்டேன் என்றாள். ஊருக்குப் போகும் நாளில் பிள்ளைகளைப் பார்க்க வந்தாள். ஷ்ருதி ஓடி வந்து கட்டிக்கொண்டாள். இளவேனிலைத் தூக்கச் சொல்லிப் பத்மா நீட்டினாள். நாகவள்ளி கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, "இருக்கட்டும்க்கா" என்றாள்.

பொங்கல் கழிந்து ஒருநாள் பத்மாதான் போன் செய்தாள். நான்கைந்து தடவை அடித்தபிறகு எடுத்தாள். பின்னால் ஆடு கத்தும் சத்தம். நலம் விசாரித்து முடித்தபின் பத்மா கேட்டாள். "அம்மாகிட்ட சொன்னியா?"

"சொன்னேன். அக்கா செய்யல ஆத்தான்னு சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"அது எனக்குத் தெரியாதாடின்னுச்சு. கூடைய எடுத்துக்கிட்டு வயலுக்குப் போயிருச்சு."

பத்மா போனை மறு காதுக்கு மாற்றினாள். கேட்கக் கூடாது என்று தெரிந்தும் கேட்டாள். "நீ அதை நம்புறியா?"

அந்தப் பக்கம் யாரோ நாகவள்ளியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

"பாதி நாளு நம்புறேன்க்கா" என்றாள். "ஆத்தாகிட்ட மட்டும் முழுசாச் சொல்லிட்டேன்."

வேலை கிடக்கிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.